டோட்டல் லாஸ் என்றார்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு இன்சூரன்ஸ் க்ளெய்ம் ரிவ்யூ

2023 டிசம்பர் வெள்ளத்தில் என் காருக்குள் தண்ணீர் புகுந்தது, அந்த க்ளெய்மில் இன்சூரன்ஸ் கம்பெனி நடந்துகொண்டதற்கு முதலில் மார்க் போட்டுவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு கிளம்பலாம். பாலிசி விற்கும்போது கிடைத்த கவனிப்புக்கு 5-க்கு 4. வெள்ளம் வடிந்த அன்று போனை எடுத்து க்ளெய்ம் நம்பர் கொடுத்ததற்கு 4. சேதத்தைப் பார்க்க வந்த சர்வேக்கு 1. அதற்கப்புறம் நடந்த கடிதப் போக்குவரத்துக்கும் 1 தான் போட்டிருப்பேன், கடைசியில் குறைதீர்ப்புப் பிரிவில் ஒருவர் நான் எழுதியதை உட்கார்ந்து படித்துவிட்டுப் பதில் போட்டார், அவருக்காக 2. கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் நாலைந்து கம்பெனி பாலிசிகள் இருந்தன, எல்லாருக்கும் வந்த வசனம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருத்தரைத் திட்டி மற்றவர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பானேன்.

டோட்டல் லாஸ் என்பது ஒரு கணக்கின் விடை, அவ்வளவுதான். ஒரு பக்கம் ரிப்பேர் செலவு, இன்னொரு பக்கம் ஐடிவியில், அதாவது வண்டிக்கு இவ்வளவு மதிப்பு என்று பாலிசியில் போட்டிருக்கும் தொகையில், 75 சதவீதம். முதலாவது இரண்டாவதைத் தாண்டினால் வண்டியை ரிப்பேர் செய்யாமல் தொகையைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். கணக்கு என்று யார் சொன்னாலும் ஷீட்டைக் காட்டுங்கள் என்று கேட்கிற வியாதி உண்டு. இந்த விஷயத்தில் அந்த வியாதிதான் உதவியது, கார் பற்றி எனக்குத் தெரிந்தது ரொம்பக் குறைச்சல்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் மழை என்ன செய்தது என்று மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். எங்கள் அபார்ட்மென்ட்டில் வண்டி நிறுத்துவது தரைத்தளத்தில். 4-ஆம் தேதி தண்ணீர் டயரைத் தாண்டி, கதவுக்குள் புகுந்து, சீட்டில் உட்காரும் இடம் வரைக்கும் வந்து நின்றது. டாஷ்போர்டு வரை ஏறவில்லை. வண்டி சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக், 2020 ஜனவரியில் வாங்கியது, அதிகம் ஓடாத வண்டி. லோன் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் செய்த இரண்டு காரியங்கள் பின்னால் ரொம்பக் கை கொடுத்தன. சாவியைத் தொடவே இல்லை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டோம். அப்புறம் கதவின் உள்பக்கம் சேறு படிந்து கோடு போட்டிருந்த இடத்தில் டேப் வைத்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன், நாலு கதவிலும், டிக்கியிலும், பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டி பக்கத்திலும். கீழ்வீட்டு மாமா, "ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா, காய்ஞ்சா ஓடிடும்" என்றார். அவர் தன் வண்டியை அப்படித்தான் ஸ்டார்ட் பண்ணினார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும், ஹைட்ரோஸ்டேடிக் லாக் என்பது அதுதான். அவருக்கு வளைந்தது. இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுக்காததால், ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கம்பெனி இன்ஜினை மட்டும் தனியாகக் கழித்துவிட்டது. எனக்கு அந்தக் கவர் இருந்தது, இருந்தும் தொடவில்லை.

வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் வொர்க்‌ஷாப்பில் இறக்கியபோது அங்கே நிறுத்த இடமில்லை. ரோட்டோரமெல்லாம் சேறு பூசிய வண்டிகள். ஏற்றிப்போன ரெக்கவரிக்காரர் 3,500 வாங்கினார், பாலிசி அதற்குத் தருவது 1,500 தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அந்த நிலைமையில் சர்வீஸ் அட்வைசரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அந்தப் பையன் தூங்கியே பல நாள் ஆன மாதிரி இருந்தார். ஆனால் எஸ்டிமேட் எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். வண்டியை யாரும் பிரிக்கவில்லை. தண்ணீர் புகுந்த வண்டிக்கு என்று அவர்களிடம் ரெடியாக ஒரு பட்டியல் இருக்கிறது, அதை அப்படியே எடுத்து நம்பர் போட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் அசெம்பிளி புதுசு 1,10,000. மெயின் வயரிங் ஹார்னஸ், அதாவது வண்டி முழுக்க ஓடுகிற வயர் கட்டு, 38,000. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியான இசிஎம் 24,000. ஏர்பேக் மாட்யூல், பாடி கன்ட்ரோல் மாட்யூல், மீட்டர் கிளஸ்டர் சேர்த்து 37,000. சீட் மொத்தமும் 52,000. சீட் பெல்ட், கார்பெட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், சில்லறை பிளாஸ்டிக் என்று 59,000. லேபர் 42,000. பாகங்களுக்கு அப்போதிருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, லேபருக்கு 18 சதவீதம், எல்லாம் உள்பட 3,62,000.

என் ஐடிவி 4,20,000. அதில் 75 சதவீதம் 3,15,000. முடிந்தது கதை என்றார்கள்.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்தார், மொபைலில் படம் எடுத்தார். பானெட்டைத் திறந்தார், இன்ஜின் ஆயில் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கவில்லை. "மேடம், தண்ணி புகுந்த வண்டி ஆயுசு பூரா தொல்லை குடுக்கும். காசை வாங்கிட்டுப் புதுசு எடுத்துடுங்க" என்றார். நான் எஸ்டிமேட்டில் இருக்கிற இன்ஜினைப் பற்றிக் கேட்டதும், "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க, அவருக்குச் சொன்னா புரியும்" என்றார். வீட்டில் சார் இருக்கிறார், அவருக்கு கார் ஓட்டவே தெரியாது. சர்வேக்கு 1 மார்க் போட்டதில் இந்த வசனத்துக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு சம்மதக் கடிதம் வந்தது, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி. இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு வழி. ஒன்று, ஆர்சியை ஆர்டிஓவில் ரத்து செய்து கொடுத்துவிட்டு முழுத் தொகை வாங்குவது. இன்னொன்று, சால்வேஜ் மதிப்பை, அதாவது சேதமான வண்டி அப்படியே விலைபோகும் தொகையை, கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், வண்டியை நாம் விற்றுக்கொள்ள வேண்டும், ஆள் அவர்களே காட்டுவார்கள். ஆன்லைனில் ஏலம் விட்டிருக்கிறார்கள், என் வண்டிக்கு வந்த விலை 1,70,000. ரிப்பேருக்கு லாயக்கில்லாத, தண்ணீரில் ஊறிய வண்டிக்கு 1,70,000 கொடுக்க ஒருத்தர் தயார் என்றால் அவர் அதைப் பழைய இரும்புக்குப் போடவா வாங்குகிறார்? அவர் வேறு ஊரில் ரிப்பேர் செய்து, கழுவி, பாலிஷ் போட்டு விற்பார். அதில் அவருக்கு லாபமும் நிற்கும். அப்படியென்றால் ரிப்பேருக்கு 3,62,000 ஆகும் என்று அவர் கணக்குப் போடவில்லை என்றுதானே அர்த்தம். எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்ததே இந்த ஏல விலையைப் பார்த்துத்தான்.

இந்த இரண்டாவது வழியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வண்டியை எடுத்துப்போகிறவர், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அவர் பெயருக்கு மாற்றவே மாட்டார், நேராக அடுத்த ஆளுக்கு விற்கப் பார்ப்பார். நடுவில் அந்த வண்டி யாரையாவது இடித்தால்? ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்புதான் என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஆபீஸ் வக்கீல் இதை எடுத்துக் காட்டியபோது, எந்த முடிவு எடுத்தாலும் இந்த வழி மட்டும் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன்.

முழுத் தொகை வாங்கும் வழியும் சொன்னபடி இல்லை. போனில் பேசியவர் 4,20,000 என்றார், மெயிலில் 3,85,000 என்று இருந்தது. கேட்டால், பாலிசி எடுத்து பதினோரு மாதம் ஆகிவிட்டதே, இப்போதைய மார்க்கெட் மதிப்பு அதுதான் என்றார்கள். பாலிசி புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்ற தைரியம். மோட்டார் டாரிஃப் விதியில் இருக்கிற வாக்கியம் என் பாலிசியிலும் அச்சாகியிருந்தது: டோட்டல் லாஸ் க்ளெய்முக்கு, பாலிசி காலம் முழுவதும் ஐடிவிதான் மார்க்கெட் மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. அந்த வரியை மார்க்கரில் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே 4,20,000 ஆகிவிட்டது, மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. ஆக, டோட்டல் லாஸுக்குச் சம்மதிக்கிறவர்களும் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். ஐடிவி போட்டு பிரீமியம் வாங்கிக்கொண்டு, க்ளெய்ம் வரும்போது மதிப்பைக் குறைக்க முடியாது என்பதுபோல் 2008-ல் தர்மேந்திர கோயல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

4,20,000 கையில் வந்தால் போதாதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். அதே வருடம், அதே மாடல், அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அப்போது என்னிடம் 5 லட்சத்துக்கு மேல் கேட்டார்கள், அதுவும் அது எந்தத் தண்ணீரில் குளித்த வண்டி என்று தெரியாமல். புது வண்டி என்றால் மறுபடி லோன். என் வண்டியின் சரித்திரமாவது எனக்குத் தெரியும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பாலிசியில் டோட்டல் லாஸ் பற்றிய வரி என்ன சொல்கிறது என்றால், வண்டியை மீட்கவும் ரிப்பேர் செய்யவும் ஆகும் மொத்தச் செலவு, பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால். நடுவில் இருக்கிற "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்ற இடத்தில்தான் நான் உட்கார்ந்துகொண்டேன். பாலிசி நிபந்தனைப்படி கம்பெனி எஸ்டிமேட் தொகையை முழுசாகத் தராது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் இதற்கெல்லாம் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவு கிடையாது, மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. மூன்று வருடம் தாண்டி நாலு முடியாத வண்டிக்கு 25 சதவீதம். என் வண்டி அந்தக் கணக்கில்தான் வரும். அதற்கு மேல் கட்டாயக் கழிவு 1,000, 1,500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு.

அவர்கள் எஸ்டிமேட்டையே எடுத்து, ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல், எக்ஸெலில் போட்டேன். சீட், கார்பெட், சில்லறை பிளாஸ்டிக் 50 சதவீதத்தில், மீதிப் பாகங்கள் 25 சதவீதத்தில், லேபரில் கை வைக்கவில்லை. கம்பெனி கொடுக்க வேண்டியது 2,62,750 தான் வந்தது. ரெக்கவரிக்கான 1,500-ஐச் சேர்த்தாலும் 3,15,000-க்கு 50,000 குறைவு. புது இன்ஜின் போட்டாலும் டோட்டல் லாஸ் வரவில்லை! நான் வாதம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அவர்கள் பேப்பரே சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. என்னிடம் பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் கவர் கிடையாது, பிரீமியம் அதிகம் என்று 2023 ரினியூவலில் நீக்கிவிட்டேன். அது இருந்திருந்தால் தேய்மானமே கழிக்க மாட்டார்கள், கம்பெனி தர வேண்டிய தொகை 3,15,000-ஐத் தாராளமாகத் தாண்டியிருக்கும், இந்த வாதத்தை எடுத்திருக்கவே முடியாது. அதற்காக அந்தக் கவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, சின்னச் சின்ன இடிக்கெல்லாம் அது வரப்பிரசாதம். பெரிய சேதத்தில் அது டோட்டல் லாஸ் கோட்டை நோக்கித் தள்ளும் என்பதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, இன்ஜின். கீழ்க்கட்டளையில் எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒருவரை வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே விட மாட்டோம் என்றார்கள், வண்டி என்னுடையது, இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று சொன்னதும் விட்டார்கள். அவர் முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்தார். "ஆயில்ல தண்ணி கலந்தா பால் காபி கலர்ல இருக்கும்மா. இது பாருங்க, சுத்தமா இருக்கு." ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார், பேப்பர் காய்ந்து கிடந்தது. ஸ்பார்க் ப்ளக் நாலையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினார், தடையில்லாமல் சுற்றியது. இசிஎம் இருக்கிற இடத்தைக் காட்டினார், என் போட்டோவில் இருக்கிற சேற்றுக் கோட்டுக்கு மேலே. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். அவர் இதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். இந்த மொத்தக் கதையில் 5-க்கு 5 அவர் ஒருவருக்குத்தான்.

அப்புறம் எழுத ஆரம்பித்தேன். போனில் பேசுவதை அறவே நிறுத்திவிட்டேன், யார் கூப்பிட்டாலும் "மெயில்ல போடுங்க சார்" தான். போனில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பது ஒன்று, மெயிலில் எழுதும்போது அவர்களே கொஞ்சம் யோசித்து எழுதுகிறார்கள் என்பது இன்னொன்று. முதல் மெயிலில் சர்வே ரிப்போர்ட்டின் நகல் கேட்டேன். அது உள் ஆவணம், தர முடியாது என்று பதில். பாலிசிதாரர் கேட்டால் தர வேண்டும் என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஐஆர்டிஏஐயின் விதி இருக்கிறதே என்று திருப்பி எழுதியதும் பிடிஎஃப் வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் தண்ணீர் மட்டம் என்ற இடத்தில் டாஷ்போர்டு என்று எழுதியிருந்தது. என் போட்டோவில் டேப்போடு சேர்த்து சீட் மட்டம் பளிச்சென்று தெரிகிறது. இன்ஜின் நிலை என்ற இடத்தில், பிரித்துப் பார்க்காமலேயே, மாற்ற வேண்டும்.

க்ளெய்ம் பிரிவு அசையவில்லை. சர்வேயர் லைசென்ஸ் வாங்கியவர், அவர் சொன்னால் முடிவு, என்றார்கள். இதற்கும் பதில் இருக்கிறது. சர்வேயர் ரிப்போர்ட் முக்கியமான ஆவணம்தான், ஆனால் அதுவே கடைசி வார்த்தை கிடையாது, அதற்கு மாறாக முடிவெடுக்கவே கூடாது என்பதும் இல்லை என்று பிரதீப் குமார் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் தோற்றது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிதான். இதையும், எக்ஸெல் ஷீட்டையும், போட்டோக்களையும், வீடியோ லிங்க்கையும் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். அதே நாளில் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதிவு செய்தேன். தளத்தில் எழுத முடியாதவர்கள் 155255-க்கு போன் செய்தாலே பதிவு செய்துகொள்வார்கள். அந்தத் தளம் ஐஆர்டிஏஐ தீர்ப்பு சொல்கிற இடம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை, புகாரைக் கம்பெனிக்கே அனுப்பி இரண்டு வாரத்துக்குள் பதில் கேட்பார்கள். ஆனால் அந்த வழியில் வரும் புகாரைக் கம்பெனிக்காரர்கள் மதித்துப் படிக்கிறார்கள், அது என் அனுபவம்.

அதிலும் சரிவராவிட்டால் அடுத்து, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்று மெயிலின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன், மிரட்டலாக எழுதவில்லை, அடுத்த வேலையைச் சொல்வது மாதிரி. சென்னையில் அந்த ஆபீஸ் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது, தமிழ்நாடும், புதுச்சேரி நகரமும், காரைக்காலும் அதற்குள் வரும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது, நாமே போய்ப் பேச வேண்டும். முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதிலே இல்லாமல் இருக்க வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை நஷ்டஈடு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு, கார் விஷயத்துக்கு அது எக்கச்சக்கம். முக்கியமானது, அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். நம்மைக் கட்டுப்படுத்தாது, திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருடம் அவகாசம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட முடியாது, ஆம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார்.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது, இரண்டே பத்தி. உங்கள் கணக்கைப் பார்த்தோம், தேய்மானம் கழித்த பிறகான தொகையைத்தான் ஒப்பிட்டிருக்க வேண்டும், வண்டியைப் பிரித்து மறு ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறோம் என்று. இதற்காகத்தான் அந்த இரண்டாவது மார்க். தப்பைத் தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிற கம்பெனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள், அந்த மெயில் எனக்கு வந்தது நான் கேட்டதால். அதே சர்வேயர், அதே வாரத்தில், அதே யார்டில் எத்தனை வண்டிக்கு அதே கணக்கைப் போட்டிருப்பார்?

பிரித்துப் பார்த்தார்கள். இன்ஜினை மாற்றவில்லை, திறந்து சுத்தம் செய்து கேஸ்கெட், ஆயில், ஃபில்டர் மாற்றினார்கள். ஹார்னஸில் தரையோடு போகிற பகுதி மட்டும் புதுசு. இசிஎம் அப்படியே இருந்தது. ஏர்பேக் மாட்யூல் நடுவில் தரையோடு இருப்பது, தண்ணீரில் முழுகியிருந்தது, அதை மாற்றியே ஆக வேண்டும் என்று நானே சொன்னேன். சீட் பெல்ட்டையும் மாற்றச் சொன்னேன், அதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. சீட்டில் ஃபோம் மாற்றினார்கள், ஃபிரேம் பழசு. ஸ்டார்ட்டர் புதுசு. மொத்த பில் 1,63,000. கம்பெனி 1,31,000 கொடுத்தது, என் கையிலிருந்து 32,000. ஆயில், கூலண்ட் மாதிரிச் சாமான்களுக்குத் தனிக் கவர் இல்லாவிட்டால் ஒரு பைசா வராது, அதுவும் இந்த 32,000-க்குள் இருக்கிறது. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் 45 சதவீதம் ஆகியிருக்க வேண்டியது, பூஜ்யம் ஆனது. வொர்க்‌ஷாப் பார்க்கிங் சார்ஜ் என்று ஒன்று போடப் பார்த்தார்கள், தாமதம் என்னால் இல்லை என்று மெயிலைக் காட்டினேன், எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் இப்படிச் சண்டை போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முடிச்சூரில் என் கூட வேலை பார்ப்பவரின் வண்டி கூரை வரை முழுகியது, ஒரு வருடம்கூட ஆகாத வண்டி, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவர் இருந்தது. அவருக்கு டோட்டல் லாஸ்தான் நல்ல முடிவு, வாங்கிய விலையே திரும்பக் கிடைத்தது, ரிப்பேர் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் முட்டாள்தனம். டாஷ்போர்டுக்கு மேலே தண்ணீர் ஏறினாலும், அடியில் பேட்டரி இருக்கிற மின்சாரக் கார் முழுகினாலும் நானே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன், 4,20,000-தானா என்று மட்டும் பார்த்துவிட்டு. நடுவில் இருக்கிற வண்டிகள்தான் பிரச்சினை, தண்ணீர் தரைக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் நின்ற வண்டிகள். அதில்தான் எஸ்டிமேட்டை இழுத்தால் அந்தப் பக்கம் விழும், பிரித்துப் பார்த்தால் இந்தப் பக்கம் விழும். வொர்க்‌ஷாப்புக்கு இடம் காலியாக வேண்டும், ஆள் பற்றாக்குறை, பக்கத்திலேயே எக்ஸ்சேஞ்ச் ஆஃபரோடு ஷோரூம். சர்வேயருக்கு டோட்டல் லாஸ் என்று எழுதினால் பிரிக்கிற வேலை மிச்சம். யாரும் சதி செய்ய வேண்டியதே இல்லை, எல்லாரும் அவரவர் சௌகரியத்தைப் பார்த்தாலே போதும்.

வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்ஜினில் குறை இல்லை. இடது பின் ஜன்னல் அவ்வப்போது பாதியில் நின்றுவிடும். ஏசி போட்டதும் கொஞ்ச நேரம் ஈர வாடை வரும், அது போகவே போகாது என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதே, அதில் என்னுடையதும் ஒன்று. சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

2025 ஜனவரியில் கம்பெனியை மாற்றினேன். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி அட்டவணைப்படி வராது, நாமும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வது. புதுக் கம்பெனிக்காரர் பிரீமியம் குறையும் என்று ஆசை காட்டி 2,60,000 போட்டுக் கொடுத்தார். ஐடிவி குறைந்தால் அதன் 75 சதவீதமும் சேர்ந்து குறையும், அடுத்த வெள்ளத்தில் சின்ன எஸ்டிமேட்டுக்கே டோட்டல் லாஸ் வந்து நிற்கும். 3,40,000 போடச் சொன்னேன், பிரீமியம் ஆயிரத்துச் சொச்சம் கூட வந்தது, கட்டிவிட்டேன்.